கூடைப்பந்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி: பந்து கையில் இல்லாத நேரத்தில் செய்ய வேண்டியவை

அனைத்துலக விதிப்படி ஒரு கூடைப்பந்து ஆட்டம் தலா 10 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக, மொத்தம் 40 நிமிடங்களுக்கு ஆடப்படுகிறது. களத்தில் இருப்பவர்கள் பத்துப் பேர். பந்து ஒன்றே ஒன்று. எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டாலும் ஒருவருடைய கையில் பந்து தங்கும் நேரம் நான்கு நிமிடங்களைத் தாண்டாது. எஞ்சிய 36 நிமிடங்களும் அவர் வெறுங்கையோடுதான் ஆடியாக வேண்டும். புதிதாக வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த நான்கு நிமிடங்களுக்காகவே பயிற்சி செய்கிறார்கள். இந்த வழிகாட்டி பெரும்பாலும் மற்ற 36 நிமிடங்களைப் பற்றியது. கூடைப்பந்து கற்றுத் தருவதாகச் சொல்லப்படும் வாழ்க்கைப் பாடங்களில் உண்மையிலேயே கைவசப்படுபவை அங்கேதான் இருக்கின்றன என்பது, மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து வருவதில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து.

இடைநிலைப்பள்ளியில் காலடி எடுத்து வைத்திருக்கும் பிள்ளைகளையும், வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு மாலை நேரத்தில் ஏதாவது விளையாட வேண்டும் என்று நினைக்கும் இளைஞர்களையும், அவர்களை அனுப்பி வைக்கத் தயங்கும் பெற்றோரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

களத்துக்குள் நுழைவது

நம் பிள்ளைகளுக்குக் காற்பந்து தெரியும், கபடி தெரியும், செப்பாக் தக்ராவ் தெரியும். கூடைப்பந்தை மட்டும் ‘சீனப் பிள்ளைகளின் விளையாட்டு’ என்று ஒதுக்கி வைத்துவிடுகிறோம். இதற்குக் காரணம் உயரமோ உடல்வாகோ அன்று. களம் எங்கே இருக்கிறது என்பதுதான் காரணம். 1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் எல்பில் தோட்டம் உட்பட நம் வட்டாரத்தில் தோட்ட நிர்வாகிகள் கம்யூனிஸ்டுக் கொரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. கொரில்லாக்களுக்கு மக்களிடமிருந்து உதவி போகாமல் தடுக்க 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின் கீழ், பெரும்பாலும் சீனர்களான ஏறத்தாழ 5 இலட்சம் பேர் புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டார்கள்; தோட்டத் தொழிலாளர்களும் ஆங்காங்கே ஒருங்கு சேர்க்கப்பட்டு வேலிகளுக்குள் வைக்கப்பட்டார்கள். புதுக்கிராமங்களில் சீனப்பள்ளியும் அதனருகே சிமெண்டுத் தரையில் ஒரு கூடைப்பந்துக் களமும் அமைவது வழக்கமாயிற்று. தோட்டத்துக்கு வாய்த்தவை கோயிலும் தமிழ்ப்பள்ளியும் காற்பந்துத் திடலும். இன்று லயங்கள் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகள் பெரும்பாலும் காலியாகி, குடும்பங்கள் தாமான்களுக்கு (குடியிருப்புப் பகுதிகளுக்கு) வந்துவிட்ட பிறகும், எந்தப் பிள்ளை எந்த விளையாட்டுக்குப் போகும் என்பதைப் பழைய வேலிகளே இன்னும் ஓரளவு முடிவு செய்துகொண்டிருக்கின்றன.

ஆகவே, முதல் வேலை பந்து வாங்குவதன்று. உங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போய் வரக்கூடிய களம் எது, அங்கே யார் எப்போது விளையாடுகிறார்கள் என்று தெரிந்துகொள்வதாகும். மாலை ஐந்தரை மணிக்கு மேல், சிமெண்டுத் தரையின் சூடு தணியத் தொடங்கும் நேரத்தில் போங்கள். முதல் நாள் வெளியே நின்று இரண்டு ஆட்டங்களைப் பார்த்தாலே போதும். எத்தனை புள்ளிக்கு ஆடுகிறார்கள், தோற்ற அணி வெளியேறி அடுத்த அணி உள்ளே வருகிறதா, ஃபவுலை (விதிமீறி இடிப்பதையோ தட்டுவதையோ) யார் சொல்வது, தகராறு வந்தால் எல்லோரும் யாருடைய முகத்தைப் பார்க்கிறார்கள் என்பவற்றைக் கவனியுங்கள். எழுதி ஒட்டப்படாத இந்த விதிகள் ஒவ்வொரு களத்திலும் வேறுபடும். அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் உள்ளே போகிறவர் திறமைசாலியாக இருந்தாலும் அடுத்த நாள் அவரை யாரும் அணியில் சேர்த்துக்கொள்ள விரும்புவதில்லை.

பிறகு, வெளியே உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவரிடம் போய், ‘போலே மாயின் சாமா?’ (சேர்ந்து விளையாடலாமா?) என்று மலாயில் கேட்டால் போதும். ஆள் எண்ணிக்கை குறைவாக இருப்பது எல்லாக் களங்களிலும் உள்ள குறை. ஆகவே பெரும்பாலும் சரி என்றுதான் பதில் வரும். கேட்கும்போதே உங்கள் பெயரைச் சொல்லுங்கள், அவர்களுடைய பெயரையும் கேட்டு நினைவில் வையுங்கள். பெயர் தெரியாதவரையில் நீங்கள் ‘அந்த இந்தியப் பையன்’ மட்டுமே. பெயர் தெரிந்த பிறகுதான் பாஸ் வரத் தொடங்கும். மூத்தவர்கள் யாராவது பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தால் அவர்களை ‘அங்கள்’ என்றோ ‘கோச்’ என்றோ அழைத்து முதலில் வணக்கம் சொல்லிவிடுவது நல்லது.

உள்ளே போன முதல் வாரத்தில் பந்தைக் கேட்காதீர்கள். மூன்று காரியங்களை மட்டும் செய்யுங்கள்: பந்து எதிரணிக்குப் போனவுடன் மற்றவர்களுக்கு முன்பாக ஓடித் திரும்புங்கள், உங்களுக்கென்று ஓர் ஆளை எடுத்துக்கொண்டு அவரை விடாமல் காவல் செய்யுங்கள், வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்து கிடைத்தால் அதைத் தட்டிக்கொண்டு ஓடாமல் அருகிலுள்ள நன்றாக ஆடத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். இந்த மூன்றுக்கும் பந்தாட்டத் திறமை எதுவும் தேவையில்லை. ஆனால் இவற்றைச் செய்கிற ஒருவரைத்தான் அடுத்த நாள் அணி பிரிக்கும்போது முதலில் கூப்பிடுவார்கள். எஸ்.பி.எம். எனும் படிவம் ஐந்து இறுதித் தேர்வை முடித்துப் பினாங்குத் தொழிற்சாலையிலோ ஈப்போ அலுவலகத்திலோ வேலைக்குச் சேர்கிற முதல் வாரத்தில் எப்படி நடந்துகொள்வது என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் இதையேதான் சொல்லி வருகிறேன்.

பெண் பிள்ளைகள் தனியாக வருவதைவிட மூன்று நான்கு பேராகச் சேர்ந்து வருவது எளிது. பள்ளிக் களத்தில் பயிற்சி நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வது அதைவிட எளிது. திரும்பி அழைத்துப் போக யார், எத்தனை மணிக்கு வருவார்கள் என்பதை வீட்டில் முன்கூட்டியே பேசி முடித்துவிட்டால், பாதியில் பயிற்சியை விட்டுப் போகிற நிலை வராது. பெண்களுக்கு இது ஒத்துவராத விளையாட்டு என்று யாராவது சொன்னால், 2017ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடந்த சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டியில் கூடைப்பந்துக்கான தங்கப் பதக்கத்தை மலேசியாவுக்கு வாங்கித் தந்தது மகளிர் அணி என்பதை நினைவுபடுத்துங்கள்.

பந்தும் காலணியும்

இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட ஆண் பிள்ளைகளுக்கு 7ஆம் எண் பந்து, பெண்களுக்கு 6ஆம் எண், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு 5ஆம் எண். சிமெண்டுத் தரைக்கு ரப்பர் பந்துதான் தாங்கும்; உள்ளரங்கப் பந்தை அங்கே கொண்டுபோனால் சில மாதங்களில் தோல் உரிந்துவிடும். தலை உயரத்திலிருந்து விட்டால் பந்து இடுப்புக்கும் நெஞ்சுக்கும் இடையே எழும்பி வர வேண்டும். அந்த அளவுக்குக் காற்றடித்தால் சரி. காலணியைப் பொறுத்தவரை, தட்டையான அடிப்பாகம் கொண்ட ஃபுட்சால் காலணி இருந்தாலே தொடக்கத்துக்குப் போதுமானது. உயரமான, மெத்தென்ற குதிகால் கொண்ட ஓட்டக் காலணியைத் தவிர்க்க வேண்டும்; பக்கவாட்டில் நகரும்போது கணுக்கால் மடங்குவதற்கு அது வழி செய்யும். ஆணி வைத்த காற்பந்துக் காலணியோடு களத்தில் ஏறினால் தரையும் கெடும், பெயரும் கெடும்.

கால், பிறகு கை

1891ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், குளிர்காலத்தில் உள்ளே அடைபட்டுக் கிடந்த மாணவர்களுக்காக ஜேம்ஸ் நைஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கியபோது எழுதிய 13 விதிகளில் ஒன்று, பந்தோடு ஓடக்கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும் என்பதாகும். டிரிபிள் எனப்படும் தட்டிச் செல்லும் முறை பின்னால் வந்து சேர்ந்தது. ஆட்டத்தின் வேர் பாஸ் கொடுப்பதில் இருக்கிறது. பந்தைக் கால்களுக்கு இடையே விட்டு எடுக்கும் வித்தைகளைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு அதிலிருந்து தொடங்குகிற பிள்ளைகள் ஆட்டத்தின் கடைசிப் பாடத்தை முதலில் படிக்கிறார்கள்.

முதலில் பழக வேண்டியது ஊன்றுகால். பந்தைப் பிடித்து நின்றவுடன் ஒரு காலை நகர்த்தாமல் ஊன்றிக்கொண்டு, மற்றொரு காலால் எந்தத் திசைக்கும் திரும்பலாம். ஊன்றிய கால் இடம் பெயர்ந்தால் டிராவலிங் என்று பந்து பறிபோகும். பந்தை உங்களுக்கு நீங்களே சற்று முன்னால் எறிந்து, ஓடிப் பிடித்து, ஒன்று இரண்டு என்று கால்களைப் பதித்து நின்று, முன்பாதத்தில் எடை வைத்து அரைவட்டம் திரும்புங்கள். வலக்காலில் செய்ததை இடக்காலிலும் செய்யுங்கள். இந்தப் பயிற்சிக்கு வளையம் தேவையில்லை, வீட்டு வாசல் போதும். பள்ளியில் போலா ஜாரிங் எனும் வலைப்பந்து ஆடிய பெண் பிள்ளைகளுக்கு இந்தக் கட்டம் கைவந்த கலையாக இருக்கும். ஏனென்றால் வலைப்பந்து கூடைப்பந்திலிருந்து பிறந்ததுதான், அங்கே இன்னும் பந்தோடு ஓட முடியாது. அவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டியது வேறொன்று: வலைப்பந்தில் காவல் செய்பவர் 0.9 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். இங்கே அவ்வளவு இடைவெளி விட்டால் எதிராளி நிதானமாகப் பார்த்து எறிந்துவிடுவார்.

நெருங்கிக் காவல் செய்யப்படும் ஒருவர் பந்தை ஐந்து வினாடிகளுக்கு மேல் வெறுமனே வைத்திருக்க முடியாது. எனவே பந்து வந்த பிறகு யாருக்குக் கொடுக்கலாம் என்று தேடுகிறவருக்கு நேரம் போதாது. வருவதற்கு முன்பே இடமும் வலமும் ஒருமுறை பார்த்து வைத்திருக்க வேண்டும். இதைப் பயிற்சியில் பழக்க, பந்து உங்களை நோக்கிக் காற்றில் இருக்கும்போதே உங்களுக்குப் பின்னால் நிற்கும் தோழர் எத்தனை விரல்களைக் காட்டுகிறார் என்று திரும்பிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பிடிக்கச் சொல்வேன். முதலில் பந்து மூக்கில் படும் என்று பயப்படுவார்கள். சில நாட்களில் பழகிவிடும். கைக்கு வருவதற்கு முன்பே தீர்மானித்து வைப்பது என்ற இந்தப் பழக்கம், முதல் மாதச் சம்பளம் வங்கிக்கு வருகிற அன்று யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்பது தெளிவாகத் தெரிந்துவிடும்.

பாஸ் கொடுப்பதில் ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் போதும்: பந்தைத் தோழர் நிற்கும் இடத்துக்கு எறியாமல், அவர் போகிற இடத்துக்கு, அவருடைய நெஞ்சு உயரத்துக்கு எறியுங்கள். அவர் தவறவிட்டால் கையை விரித்துக்காட்டிச் சலித்துக்கொள்ளக் கூடாது.

காவல் ஆட்டமும் வாய் திறப்பதும்

இந்தப் பகுதியில்தான் நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். நிற்கும் முறை எளிது: கால்களைத் தோள் அகலத்துக்குச் சற்று அதிகமாக அகட்டி, முழங்காலை மடித்து, முதுகை நிமிர்த்தி, ஒரு கை நீட்டினால் எட்டும் தூரத்தில் எதிராளிக்கும் வளையத்துக்கும் இடையே இருங்கள். நகரும்போது கால்களைக் குறுக்கே போடாமல் பக்கவாட்டில் வழுக்கிச் செல்லுங்கள். அவருடைய கண்ணையும் பந்தையும் பார்க்காமல் இடுப்பைப் பாருங்கள். தலையாலும் தோளாலும் கையாலும் ஏமாற்றலாம். இடுப்பு போகிற திசையில்தான் ஆள் போவார்.

உடலுக்கு இது போதும். வாய்தான் கடினம். உங்கள் அணித் தோழர் ஒருவரைக் காவல் செய்துகொண்டு பின்னோக்கி நகரும்போது, எதிரணியைச் சேர்ந்த மற்றொருவர் அவர் பாதையில் வந்து தூண்போல நின்றுகொள்வதற்கு ஸ்கிரீன் என்று பெயர். அது அவருக்குத் தெரியாது. முதுகுக்குப் பின்னால் நடப்பது. உங்களுக்குத் தெரியும். நீங்கள் குரல் கொடுக்காவிட்டால் அவர் முழு வேகத்தில் மோதிக்கொள்வார். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே, கேட்டால் மட்டும் பதில் சொல் என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகளுக்கு, தன்னைவிட மூன்று வயது மூத்த, வேறு இனத்தைச் சேர்ந்த ஒருவரைப் பார்த்து ‘ஸ்கிரீன், கிரி!’ (இடப்பக்கம்!) என்று கத்துவது மரியாதைக் குறைவாகத் தோன்றுகிறது. களத்தில் மரியாதை என்பது அந்த எச்சரிக்கையை உரிய நேரத்தில் கொடுப்பதுதான். ஆட்டம் முடிந்த பிறகு ‘அண்ணே, பார்த்தேன், சொல்ல வரவில்லை’ என்று சொல்வதால் வீங்கிய உதடு சரியாகிவிடாது.

என்ன மொழியில் பேசுவது என்ற குழப்பத்தையும் ஆட்டத்துக்கு முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் களத்தில் இடப்பக்கத்துக்குக் ‘கிரி’, வலப்பக்கத்துக்குக் ‘கானான்’, உதவிக்கு ‘ஹெல்ப்’, பந்துக்காரரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதற்கு ‘பால்’ என்று நான்கு சொற்களை வைத்திருக்கிறோம். தமிழ்ப் பிள்ளைகள் மட்டுமே ஆடும்போதும் இவற்றையே பயன்படுத்தச் சொல்கிறேன். கலந்து ஆடும் நாளில் நாக்கு தடுமாறாமல் இருக்கும். பயிற்சிக்கு ஒரு வழி உண்டு. பத்து நிமிடம் ஆடுங்கள். காவல் செய்யும் அணியில் யாராவது வாய் மூடி நின்றதாகப் பயிற்றுநர் கண்டால் எதிரணிக்கு ஒரு புள்ளி. முதல் நாள் எல்லோரும் சிரிப்பார்கள், வெட்கப்படுவார்கள். மூன்றாவது வாரத்தில் சாலையில் போகிறவர்கள் என்ன சண்டை என்று எட்டிப் பார்ப்பார்கள். செம்பனை ஆலையிலோ கட்டுமான இடத்திலோ, பின்னால் வண்டி வருகிறது என்று உரக்கச் சொல்லத் தெரிந்தவர் ஒருவருடைய காலைக் காப்பாற்றுகிறார். குரல் கொடுப்பதும் பழகினால்தான் வரும்.

அடுத்தது, பெயரில்லாத உழைப்பு. யாராவது வளையத்தை நோக்கி எறிந்தவுடன் எல்லோரும் பந்தைப் பார்த்து அண்ணாந்து நிற்பார்கள். நீங்கள் உங்கள் ஆளைத் தேடி, அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, அகலமாகக் கால் வைத்து, வளையத்துக்கும் அவருக்கும் இடையே உங்கள் உடலை வையுங்கள். பாக்ஸ் அவுட் என்பது இதுதான். பெரும்பாலும் பந்து உங்கள் கைக்கு வராது; உங்கள் அணியில் வேறொருவர் அதை எடுத்துச் செல்வார், ரீபவுண்ட் என்று அவர் பெயரில் பதிவாகும். நீங்கள் அடைத்து நின்றதற்கு ஆட்டப் பதிவேட்டில் கட்டம் கிடையாது. ஐந்து பேரும் இதைச் செய்கிற அணியை, உயரமான ஆட்கள் நிறைந்த அணியாலும் எளிதில் வெல்ல முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். பெயர் வராத வேலையைச் செய்யக் கற்றுக்கொள் என்ற பாடத்தை, தலைமுறை தலைமுறையாகப் பெயர் வராத வேலையையே செய்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எனக்குத் தயக்கம் வரும். ஒருவர் எப்போதும் அடைத்து நிற்க, மற்றவர் எப்போதும் எறிந்துகொண்டே இருக்கும் அணியில் நடப்பது கூட்டுழைப்பன்று. நல்ல அணியில் எறிகிறவரும் அடைத்து நிற்பார். அடைத்து நின்றவருக்கும் எறிய வாய்ப்பு வரும். பந்தை எடுத்தவர் விரலை நீட்டி, இது உன்னால்தான் என்று காட்டுவார். பல மாதங்கள் ஆகியும் உங்களுக்கு அது கிடைக்கவில்லை என்றால், அணித்தலைவரிடம் தனியாகப் பேசுங்கள். பேசியும் மாறாவிட்டால் வேறு களம் பாருங்கள். ஆட்டத்தின் பாடங்களில் அதுவும் சேர்த்தி.

எறிவது

வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அதன் உள்விட்டம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர். பெரிய பந்தின் விட்டம் சுமார் 24 சென்டிமீட்டர்தான். அதாவது, வளையத்தில் ஏறக்குறைய இரண்டு பந்துகள் அருகருகே நுழையும் அளவுக்கு இடம் உண்டு. ஆனால் பந்து மேலிருந்து இறங்கி வந்தால் மட்டுமே அந்த இடம் முழுமையாகக் கிடைக்கும். தட்டையாகப் பாய்ந்து வரும் பந்துக்கு வளையம் ஒடுங்கிய கோடாகிவிடும். ஆகவே வலிமையை விட்டுவிட்டு வளைவைப் பழகுங்கள்.

வளையத்துக்கு ஒரு மீட்டர் தூரத்தில் நின்று ஒரு கையால் தொடங்குங்கள். முழங்கை வளையத்தை நோக்கியிருக்க, பந்து விரல் நுனிகளிலிருந்து கிளம்ப, எறிந்த பிறகு மணிக்கட்டு மடங்கி அப்படியே ஒரு கணம் நிற்கட்டும். பத்துக்கு ஏழு விழுந்தால் ஓரடி பின்னால் போங்கள். விழாவிட்டால் அங்கேயே நில்லுங்கள். மூன்று புள்ளிக் கோடு 6.75 மீட்டரில் இருக்கிறது. முதல் ஆண்டில் அது உங்களுக்குத் தேவையில்லை. மரத்துக்குக் காயம் படாமல் தினமும் ஒரே சாய்வில், ஒரே ஆழத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய நம் பாட்டிமார்களின் கை எப்படிப் பழகியிருந்ததோ அப்படித்தான் இந்தக் கையும் பழக வேண்டும்.

எதிரணியின் ஃபவுலுக்காகக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ மட்டும் தனிக்கதை. பலகையிலிருந்து 4.6 மீட்டர் தூரத்தில் நின்று, யாரும் தடுக்காத நிலையில் எறிவது. எல்லோரும் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதுதான் இதிலுள்ள ஒரே சிரமம். வில்ட் சேம்பர்லின் என்ற மாபெரும் அமெரிக்க ஆட்டக்காரருக்கு இது வாழ்நாள் முழுக்கத் தொல்லையாக இருந்தது. அவருடைய வெற்றி விகிதம் பாதியளவைச் சற்றே தாண்டியது. 1961–62 பருவத்தில் அவர் பந்தை இரு கைகளாலும் தொடைகளுக்கு இடையிலிருந்து தூக்கி எறியும் முறைக்கு மாறினார். 1962 மார்ச் 2ஆம் தேதி ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்து அவர் படைத்த சாதனையில், 32 ஃப்ரீ த்ரோக்களில் 28 விழுந்தன. ஆயினும் அந்த முறை பார்ப்பதற்குப் பெண் தன்மையாக இருக்கிறது என்ற எண்ணத்தால் அதைக் கைவிட்டார். பின்னர் ஒரு பருவத்தில் அவருடைய விகிதம் 40 விழுக்காட்டுக்கும் கீழே போனது. அதே முறையைக் கடைசிவரை விடாமல் கையாண்ட ரிக் பேரி ஏறத்தாழ 90 விழுக்காடு எறிந்தார். யார் சிரிப்பார்களோ என்று பயந்து, பலன் தருகிற ஒன்றை விட்டுவிடும் பழக்கம் இவ்வளவு பெரிய ஆட்டக்காரரையே பிடித்திருந்தது என்றால், புதிய களத்தில் நிற்கும் பதினான்கு வயதுப் பிள்ளையைப் பிடிக்காமல் இருக்குமா? நான் யாரையும் தொடைக்கு இடையிலிருந்து எறியச் சொல்வதில்லை. ஆனால் எறிவதற்கு முன் செய்யும் சிறு சடங்கை, மூன்று தட்டு, ஒரு மூச்சு என்று எதுவாயினும், யார் கேலி செய்தாலும் மாற்றக்கூடாது என்று சொல்வேன். ஃப்ரீ த்ரோவைப் பயிற்சியின் தொடக்கத்தில் எறிந்து பழகுவதில் பயனில்லை. ஓடிக் களைத்து மூச்சிரைக்கும்போது எறியுங்கள். ஆட்டத்தில் அது அப்படித்தான் வரும்.

ஃபவுலும் கோபமும்

நடுவர் இல்லாத மாலை ஆட்டங்களில், அடிபட்டவர் சொல்வதை ஏற்றுக்கொள்வதே வழக்கம். நீங்கள் தட்டியது உண்மையென்றால், அவர் வாய் திறப்பதற்கு முன்பே கையை உயர்த்திவிடுங்கள். இரண்டு முறை இப்படிச் செய்த ஒருவர் மூன்றாவது முறை ‘நான் தொடவில்லை’ என்று சொன்னால் களம் நம்பும். போட்டி ஆட்டத்தில் ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே போக வேண்டும். முதல் பகுதியிலேயே இரண்டை வீணாக்கியவர் மீதி நேரம் முழுவதும் பயந்தபடியே காவல் செய்வார். பெரும்பாலான வீண் ஃபவுல்கள், பந்தைப் பறிகொடுத்த அடுத்த மூன்று வினாடிகளுக்குள், கோபத்தில் துரத்திப்போய்ச் செய்யப்படுபவை. பந்தைத் தொலைத்தவர் அதைத் துரத்தாமல், நேரே தன் வளையத்துக்கு ஓட வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொண்டால் இதில் பாதி குறையும்.

இனத்தையோ நிறத்தையோ தொட்டு யாராவது பேசுவது அபூர்வம். ஆனால் நடக்காது என்று பெற்றோரிடம் பொய் சொல்ல முடியாது. அப்படி நடந்தால் பந்தைக் கையில் பிடித்து ஆட்டத்தை நிறுத்துங்கள். எல்லோருக்கும் கேட்கும்படி, ஆனால் கத்தாமல், சொன்னது தவறு என்று சொல்லுங்கள். அந்தக் களத்தின் மூத்தவரைப் பாருங்கள். அவர் கண்டித்தால் ஆட்டத்தைத் தொடரலாம். கண்டிக்காவிட்டால் தண்ணீர் போத்தலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். கை நீட்டினால் நியாயம் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடும்.

வெளியே உட்காரும் நேரம்

பள்ளி அணியில் பன்னிரண்டு பேர் இருந்தால் ஏழு பேர் எப்போதும் வெளியேதான். உட்கார்ந்திருப்பவருக்கும் வேலை இருக்கிறது: எதிரணியில் யாருக்கு எத்தனை ஃபவுல் ஆகியிருக்கிறது, யார் இடக்கைப் பக்கம் போகத் தடுமாறுகிறார், நம் ஆளில் யார் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்குகிறார் என்று கவனித்துப் பயிற்றுநர் கேட்டவுடன் சொல்லத் தெரிந்தவரை அவர் விரைவில் உள்ளே அனுப்புவார். கைப்பேசியைத் தடவிக்கொண்டிருப்பவரை அனுப்ப மாட்டார்.

எஸ்.பி.எம். ஆண்டில் ஆட்டத்தை அடியோடு நிறுத்தச் சொல்லும் பெற்றோரோடு எனக்கு உடன்பாடில்லை. வாரத்தில் இரண்டு மாலைகளாகக் குறைத்து, போட்டி அணியிலிருந்து விலகிக்கொண்டாலும் பயிற்சியைத் தொடரலாம். ஆனால் அந்த இரண்டு நாட்களையும் பிள்ளையே முன்கூட்டித் தேர்ந்தெடுத்து, வீட்டில் சொல்லி, அதை மீறாமல் இருக்க வேண்டும். கெடு இருப்பது நல்லது என்பதற்கு ஆட்டத்திலேயே சான்று உண்டு. அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் 1950ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் தேதி ஃபோர்ட் வெய்ன் அணி, மினியாபோலிஸ் அணியை 19க்கு 18 என்று வென்றது. தோற்கக் கூடாது என்பதற்காகப் பந்தைக் கையிலேயே வைத்துக் காலம் கடத்தியதன் விளைவு அந்த எண்ணிக்கை. இப்படிப்பட்ட ஆட்டங்களால் பார்வையாளர்கள் அலுத்துப்போன நிலையில்தான் 1954இல் 24 வினாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற விதி வந்தது. கெடு வந்த பிறகே ஆட்டம் விறுவிறுப்பானது. நம் களங்களில் கடிகாரம் இல்லை. வெளியே இருப்பவர் ஒருவர் உரக்க எண்ணட்டும். வீட்டுப்பாடத்துக்கும் இப்படி எண்ணுகிறோம் என்று இரண்டு பிள்ளைகள் என்னிடம் சொன்னார்கள்; எந்த அளவுக்கு உண்மையோ.

உடம்பும் மழையும்

கணுக்கால் மடங்குவது இந்த ஆட்டத்தில் சாதாரணம். நம் ஊரில் உடனே எண்ணெய் போட்டு உருவி விடுவார்கள். முதல் இரண்டு நாட்களுக்கு அதைச் செய்யக்கூடாது, வீக்கம் கூடும். துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்து எடுத்து, காலை உயர்த்தி வையுங்கள். நான்கு அடி எடுத்து வைக்க முடியாத அளவுக்கு வலித்தால் கிளினிக்குக்குப் போய் எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும். தண்ணீரைத் தாகம் எடுப்பதற்கு முன்பே குடியுங்கள். மழை விட்ட பிறகு சிமெண்டுத் தரை காய்ந்துவிட்டதுபோல் தோன்றினாலும், வண்ணம் பூசிய கோடுகள் வழுக்கும். இடிச்சத்தம் கேட்டால் இரும்புக் கம்பங்கள் இருக்கும் களத்தை விட்டு உடனே கூரைக்குக் கீழே போய்விடுங்கள்.

ஓரளவு ஆடத் தெரிந்த பிறகு

ஐந்துக்கு ஐந்து ஆடப் பத்துப் பேர் கிடைக்காத தோட்டப்புறங்களுக்கு மூவர் ஆட்டம் பொருத்தமானது. பாதிக் களம், ஒரே வளையம், அணிக்கு மாற்று ஆட்டக்காரரோடு சேர்த்து நான்கு பேர், 10 நிமிடம் அல்லது 21 புள்ளி, எறிவதற்கு 12 வினாடி. 2021இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் இது முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. மூவர் மட்டும் இருப்பதால் பந்து கையில் இல்லாதவர் ஒளிந்துகொள்ள இடமில்லை. புதியவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. பள்ளியில் ஆட விரும்புகிறவர்கள் படிவம் ஒன்றிலேயே (இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டிலேயே) புறப்பாட நடவடிக்கைப் பதிவின்போது கூடைப்பந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாவட்டம், மாநிலம், பிறகு எம்.எஸ்.எஸ்.எம். எனும் தேசியப் பள்ளி விளையாட்டு மன்றப் போட்டி என்று அந்தப் பாதை மேலே போகிறது. அதில் நம்மவர்கள் போனதில்லை என்று நினைக்க வேண்டாம். 2016இல் ஆசியான் கூடைப்பந்து லீக் கிண்ணத்தை வென்ற மலேசியா டிராகன்ஸ் அணியின் சட்டையைக் குகனேஸ்வரன் பத்துமலையும் அணிந்து ஆடியிருக்கிறார்.

அணியில் இடம் கிடைக்காதவர்களுக்கும், காயம் ஆறும்வரை காத்திருப்பவர்களுக்கும் மேசைப் பணி இருக்கிறது. ஆட்டப் பதிவேட்டை நிரப்பவும், ஃபவுல்களை எண்ணவும், கடிகாரத்தை நிறுத்தி ஓட்டவும் ஆட்கள் தேவை. மாவட்ட அளவிலான போட்டிகளில் இதற்கு ஆள் கிடைப்பது எப்போதும் சிரமம். உங்கள் பள்ளியின் பொறுப்பாசிரியரிடம் போய் இதைக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன் என்று சொல்லுங்கள். வெற்றுப் பதிவேட்டுத் தாள் ஒன்றைக் கேட்டு வாங்கி, மாலை ஆட்டம் ஒன்றை முழுவதுமாக எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் மையின் நிறத்தை மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் சிவப்புப் பேனா ஒன்றும் நீலப் பேனா ஒன்றும் எடுத்துச் செல்லுங்கள்.